இரண்டாம் பதிவு

துவைக்கும் இயந்திரத்தின் குழாய் கழன்ற இரவில்
நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
யார் யாருடைய படுக்கை விரிப்புகளையோ
மடித்துக்கொண்டிருந்தேன்.
வீட்டில் என் தண்ணீர்
தானே வழி கண்டுபிடித்துக்
கீழ்வீட்டுக்குப் போயிருக்கிறது.

வால்டர் ஹ்ரிசாக் சத்தம் போடவில்லை.
கதவைத் தட்டிக் கூட்டிப்போய்
விரலால் மேலே காட்டினார்.
சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே
தேநீர் நிறத்தில் ஒரு கறை,
ஓரம் அடர்ந்து, நடுவில் வெளிறி.
இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றார்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லாததைத்தான்
என்னால் தாங்க முடியவில்லை.

வின்னிபெக்கில் அந்தச் செவ்வாய் மைனஸ் முப்பத்தொன்று.
நூலகத்தின் கீழ்த்தளத்தில்
ஆறு பேர் வாழ்த்து அட்டை செய்துகொண்டிருந்தோம்.
காரில் விட்டுவந்து விறைத்துப்போன மைப்பெட்டியை
மாரிட்டெஸ் அக்குளில் இடுக்கி
மெல்ல உருக்கிக்கொண்டிருந்தாள்.
பிஸ்கட் டப்பா நிறைய முத்திரைகள்:
பிறந்தநாள், நன்றி, சீக்கிரம் குணமாகு,
மூன்று வகைக் கிறிஸ்துமஸ் மரம்,
காது உடைந்த ஒரு முயல்.
அடுத்தவர் சீலிங்கை நனைத்தவளுக்கென்று
ஒன்றுமில்லை.

நீயே வெட்டிக்கொள் என்று
பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் ஒன்றையும்
பல்குச்சி அளவு உளியையும்
என் பக்கம் தள்ளினாள் லோர்னா.

ஸாரி என்று வெட்டியிருக்கலாம்.
இந்த ஊரில் அதைக்
கதவில் இடித்துக்கொண்டால்
கதவிடமும் சொல்கிறார்கள்.
அதனால் தமிழில்: மன்னிக்க.
ம-வின் மூலைகளுக்கே அரை மணி நேரம்.
னி-யின் சுழியில் உளி வழுக்கிக்
கட்டைவிரலில் ஒரு பொட்டு ரத்தம்.
புள்ளி இரண்டையும்
சுற்றிலும் தோண்டித் தோண்டி
நடுவில் நிற்கவைத்தேன்.

மையை முத்திரையிடம் கொண்டு போ.
முத்திரையை மையில் முக்காதே.
தட்டு. அழுத்து. ஆட்டாதே.
நேராகத் தூக்கு.

தூக்கினேன்.
சொல் எனக்கு முதுகு காட்டி நின்றது.
க முன்னால், ம கடைசியில்,
ஒவ்வொன்றும் இடம் வலம் புரண்டு.
திருப்பி வெட்டவேண்டும் என்று
இந்தக் கிறுக்கிக்குத் தோன்றவேயில்லை.
புள்ளிகள் மட்டும்
எந்தப் பக்கம் திரும்பினாலும்
புள்ளிகளாகவே இருந்தன.

அழகாயிருக்கிறதே, என்ன பறவை என்றாள் மாரிட்டெஸ்.

இன்னொரு ரப்பர் இல்லை.
எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள்.
வேறு வழியில்லாமல்
மை தொடாமலே மறுபடி அழுத்தினேன்,
சற்று மேலே, வலப்பக்கம் தள்ளி.
வெளிறி விழுந்தது.
அதற்கும் மேலே இன்னொன்று,
ஜன்னலில் மூச்சு விட்டதுபோல்.
நீலத்தில் மூன்று மன்னிப்பு,
மூன்றும் திரும்பி நின்று,
தள்ளிப் போகப் போக மங்கலாய்.
முதலிலிருந்தே இப்படித்தான் நினைத்திருந்தாயா
என்று லோர்னா கேட்டாள்.
தலையசைத்தேன்.
மை காயுமுன் கோட்டைப் போட்டுக்கொண்டு
அட்டையைத் தட்டையாகப் பிடித்தபடி
பேருந்தில் நின்றே வந்தேன்.

பிப்ரவரியில் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.
வந்து பார் என்றார் வால்டர்.
வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால்
எதிரில் கண்ணாடி.
அதற்குள், என் தோளுக்குப் பின்னால்,
சாவி மாட்டும் பலகைக்குப் பக்கத்தில்
குண்டூசி குத்திய என் அட்டை.
மன்னிக்க
என்று நேராக,
ஒரு பிழையும் இல்லாமல்.

மூன்று வாத்துகள்,
தெற்கே போகின்றன, இல்லையா என்றார்.
ஆமாம் என்றேன்.
அந்தப் பொய்க்குத் தனியாக
ஒரு ரப்பர் வாங்கவேண்டும்.

இரண்டு பூச்சுப் பூசியும்
கறை முழுக்கப் போகவில்லை.
மை தொடாமல் அழுத்தியதுபோல்
வெள்ளைக்கு அடியில் அதன் ஓரம்.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.
பார்க்காததுபோல் குனிந்தோம்.
காப்பி குடிப்பாயா என்று
அதற்கு நேர் கீழே
ஒரு நாற்காலியை எனக்காக
இழுத்துப் போட்டார்.